தப்பாகச் சொல்ல ஒரு பிள்ளை

ஈவா அருளானந்தத்தின் வகுப்பு அமைதியாக இருக்கும். அதுவே அவளுக்கு வினையாகப் போனது.

சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் அவள் தமிழாசிரியை. தமிழ்ப் பாட வேளை வந்தால் ஐந்தாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடியின் கோடி அறைக்கு வந்து சேர்வார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளை, போன வருடம்தான் சென்னையிலிருந்து வந்த பிள்ளை என்று ஒன்றோடொன்று ஒட்டாத சின்னக் கூட்டம். ஈவா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். யோசிக்க நேரம் கொடுக்காமல் பதில் கேட்பது பிள்ளையிடமிருந்து பிடுங்குவது மாதிரி என்பது அவள் கட்சி. அந்த நேரத்தில் தூரத்தில் ரயில் போகும் சத்தம்கூட அறைக்குள் கேட்கும். பிறகு மெதுவாக ஒரு கை உயரும்.

அந்த மௌனத்தைத்தான் மிஸ் லோ குறித்துக்கொண்டார். அவர் தாய்மொழித் துறைத் தலைவர். சீன மொழி ஆசிரியர். தமிழில் வணக்கம் தவிர வேறு சொல் தெரியாது. ஆனாலும் சீனம், மலாய், தமிழ் மூன்றையும் கற்பிக்கிறவர்களை மதிப்பிடும் பொறுப்பு அவருடையது. ஆண்டிறுதியில் ஈவாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில் மிருதுவாகச் சொன்னார்.

“எனக்குத் தமிழ் தெரியாது ஈவா. ஆனா முகம் பாக்கத் தெரியும் லா. உங்க பிள்ளைங்க முகத்துல ஒண்ணுமே நடக்கல. டூ கொயட். கத்துக்கிறாங்கன்னா அது கண்ணுக்குத் தெரியணும் இல்லையா?”

ஆண்டு மதிப்பீட்டில் ஈவாவுக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின படி. இன்னொரு வருடம் இப்படியே போனால் ‘ஆதரவுத் திட்டம்’ என்ற ஒன்றில் சேர்த்துவிடுவார்கள். பெயர்தான் ஆதரவு. அந்தப் பள்ளியில் முன்பு அதில் சேர்க்கப்பட்ட ஒரு மலாய் ஆசிரியை ஆறு மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதை ஈவா பார்த்திருக்கிறாள். புக்கிட் பாத்தோக் வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ரக்ஷனா அந்தப் புது வருடத்தில்தான் அவள் வகுப்புக்கு வந்தாள். இரட்டைப் பின்னல், முன்வரிசை, எதைச் சொன்னாலும் தட்டாத பிள்ளை. அவள் அம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிற வேலை பார்த்தார். வீட்டில் தமிழ்தான், ஆனால் பேச்சுத் தமிழ். எழுத்துக்கு வந்தால் தடுமாறுவாள். ‘பறவைங்க பறந்துச்சு’ என்று பேசுகிறவள், எழுதும்போது ‘பறவைகள் பறந்தது’ என்று எழுதுவாள். ‘பறந்தன’ என்று எழுத வேண்டும் என்று ஈவா எத்தனையோ முறை திருத்தினாள்.

ரக்ஷனா அதைச் சும்மா மனப்பாடம் செய்யவில்லை. இழுத்துப் போட்டு மல்லுக்கட்டினாள். ஒருநாள் கை தூக்கி, “டீச்சர், பேசும்போது ஏன் யாருமே பறந்தனன்னு சொல்றதில்ல?” என்று கேட்டாள். இன்னொரு நாள், “மனுஷங்கன்னா வந்தார்கள், மத்ததுன்னா வந்தன, சரியா? அப்ப எங்க பக்கத்து வீட்டு நாய்ங்க? அதுங்க மனுஷங்க மாதிரிதான் இருக்கும். பாவம் டீச்சர், அதுங்களுக்கும் வந்தனதானா?” என்றாள். வகுப்பே சிரித்தது. ஈவாவும் சிரித்தாள். சில வாரங்களில் அந்த விதி ரக்ஷனாவுக்குள் இறங்கிவிட்டது. யாரும் சொல்லாமலே புத்தகத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தாள்: பூனைகள் தூங்கின, பேருந்துகள் நின்றன, மழைத்துளிகள் விழுந்தன. ஈவா அதைப் பார்த்துத் தலையாட்டினாள். ஒரு சரிக்குறி போட்டாள். அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள்.

முதல் தவணை முடியும் முன்பு ஈவாவின் பாடத்தைப் பார்வையிட நாள் குறித்தார்கள். மிஸ் லோவோடு துணைத் தலைமையாசிரியரும் வருவார்; மொழி தெரிந்த ஒருவர் வேண்டுமென்று வேறொரு பள்ளியிலிருந்து வெங்கடேஷ் என்ற மூத்த தமிழாசிரியரும் வருவார். ஈவா ஒருமை பன்மையையே எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்ன வெண்பலகை. விடையை எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். அப்படிச் செய்தால் வகுப்பு உயிரோடு இருப்பது போலத் தெரியும்.

முந்தின நாள் ஒரு முறை ஒத்திகை பார்த்தாள். ‘மாடுகள் புல்’ என்று பலகையில் எழுதி மீதியை எழுதச் சொன்னாள். பலகைகள் உயர்ந்தன. எல்லாவற்றிலும் ‘மேய்ந்தன’. முதலில் தூக்கியது ரக்ஷனா.

ஒரு கணம் ஈவாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. அடுத்த கணமே மறுநாளின் நினைவு வந்தது. பார்வையிடுகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் தவறான புரிதலை ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். அதை அங்கேயே திருத்த வேண்டும். பிள்ளைக்குப் புரிந்தது வெளியே தெரிய வேண்டும். எல்லாரும் சரியாக எழுதிவிட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? மிஸ் லோ மறுபடியும் அசையாத முகங்களைத்தான் பார்ப்பார்.

யாராவது ஒருவர் தப்பாக எழுத வேண்டும். அவள் கண் முதலில் கீத் மீது போனது. கெட்டிக்காரப் பையன். ஆனால் அவன் அம்மா பெற்றோர் குழுவில் இருப்பவர்; வெளியாள் முன்னால் மகன் தப்பாகச் சொன்னான் என்று தெரிந்தால் மறுநாளே தலைமையாசிரியருக்கு ஃபோன் போகும். சென்னைப் பிள்ளைகள் தப்பாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கண் சுற்றிச் சுற்றி முன்வரிசையில் வந்து நின்றது.

இடைவேளையில் ரக்ஷனாவைத் தனியே கூப்பிட்டாள்.

“நாளைக்கு டீச்சருக்கு ஒரு ஹெல்ப் பண்றியா?”

“பண்றேன் டீச்சர்.”

“மாடுகள் கேள்வி வரும்ல? நீ மட்டும் ‘மேய்ந்தது’ன்னு எழுதிக் காட்டு.”

ரக்ஷனா புரியாமல் பார்த்தாள். “அது தப்பாச்சே.”

“தப்புதான். சும்மா நடிப்பு. அப்புறம் நான் விளக்குவேன். உனக்குப் புரிஞ்ச மாதிரி நீ அழிச்சிட்டு மாத்தி எழுதணும்.”

“ஆனா எனக்குத்தான் தெரியுமே டீச்சர்.”

“தெரியும்மா. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அது போதும்ல?”

பிள்ளை பின்னலைத் திருகிக்கொண்டாள். “அப்ப முதல்ல சரியா சொல்றது யாரு?”

“கீத் சொல்லுவான்.”

“ஓகே டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

மறுநாள் பாடம் ஈவாவே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக அமைந்தது. மூன்று பெரியவர்களும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பலகைகள் உயர்ந்தபோது ரக்ஷனாவின் பலகையில் மட்டும் ‘மேய்ந்தது’. சொல்லிக் கொடுக்காததையும் அவள் செய்தாள். கீழுதட்டைக் கடித்தாள். பக்கத்துப் பலகைகளைத் திருதிருவென்று பார்த்தாள். ஈவா அருகில் போய்க் குனிந்து, “எத்தனை மாடு மேயுது? ஒண்ணா, நிறையவா?” என்று கேட்டபோது விரலால் பாதியை அழித்து, நின்று, யோசித்து, பிறகு விடுவிடுவென்று மாற்றி எழுதினாள். முகம் மலர்ந்தது. ஈவாவே ஒரு நொடி நம்பிவிட்டாள். வகுப்பு கை தட்டியது; பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள்.

“அந்த ரெட்டைப் பின்னல் பொண்ணு!” என்றார் மிஸ் லோ பிறகு தன் அறையில். “குழம்பினா, அப்புறம் புரிஞ்சுகிட்டா. மொழி தெரியாமலே எனக்குப் புரிஞ்சது ஈவா. இதைத்தான் நான் கேட்டேன்.” வெங்கடேஷ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நல்ல பாடம் என்று மட்டும் சொன்னார்.

ஈவா மூன்றாம் மாடிக்கு ஏறக்குறைய ஓடினாள். ரக்ஷனாவைத் தோளோடு அணைத்து, “கலக்கிட்டடி! ரொம்ப ரொம்ப நல்லா செஞ்ச!” என்றாள். பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. பூனைகள் தூங்கின என்று தானே கண்டுபிடித்து எழுதியபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு சரிக்குறி. ஈவாவுக்கு அது அன்று உறைக்கவில்லை.

அந்த மாதிரிப் பாடத்தை மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கும் காட்டலாம் என்று முடிவாயிற்று. இரண்டாம் தவணையில் ஒரு குழு வந்தது. மூன்றாம் தவணையில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பாடம் வேறு. ஒருமுறை அவன், அவர் மரியாதை. ஒருமுறை லகர ழகரம். தப்பு மட்டும் ரக்ஷனாவுடையது. பள்ளியின் சமூக வலைத்தளப் பக்கத்தில் அவள் பலகையோடு நிற்கும் படம்கூட வந்தது.

இப்போது ஈவா கூப்பிட வேண்டியதில்லை. விருந்தினர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டாலே ரக்ஷனா மேசையருகே வந்து நின்றுவிடுவாள். “இந்த வாட்டி எப்படித் தப்பா சொல்லணும் டீச்சர்?” ஒருநாள் தானே யோசித்து வந்திருந்தாள். “மழைக்குப் பதிலா மலை பெய்ததுன்னு எழுதட்டுமா? எல்லாரும் சிரிப்பாங்க.” ஈவா சிரித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

விருந்தினர் வராத நாட்களில் என்ன நடக்கிறது என்பதை அவள் கவனிக்கத் தவறினாள். கவனித்தாலும் அவசரத்தில் தள்ளிவைத்தாள் என்பதே உண்மை. நாய்களுக்காகப் பரிந்து பேசிய பிள்ளை இப்போது கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாள். விடை எழுதும் முன் நிமிர்ந்து ஈவாவின் முகத்தைப் பார்ப்பாள். முகத்தில் ஏதாவது தெரிந்தால் எழுதுவாள். தெரியாவிட்டால் காத்திருப்பாள்.

மூன்றாம் தவணைத் தேர்வுத் தாள்களை ஒரு பிற்பகல் ஆசிரியர் அறையில் திருத்திக்கொண்டிருந்தபோது ரக்ஷனாவின் தாள் வந்தது. மாடுகள் மேய்ந்தது. ஆசிரியர் வந்தான். மலை பெய்தது. விருந்தினர் முன் நடித்த ஒவ்வொரு தப்பும் வரிசை மாறாமல், அழகான கையெழுத்தில். ஈவாவின் சிவப்புப் பேனா அப்படியே நின்றது.

மறுநாள் அவளை உட்கார வைத்துக் கேட்டாள்.

“இது ஏன் இப்படி எழுதின? உனக்குத் தெரியும்ல?”

“தப்பா டீச்சர்?”

“தப்புன்னு உனக்கே தெரியுமே!”

ரக்ஷனா அவள் முகத்தைத் தேடினாள். “அன்னிக்கு இப்படித்தானே எழுதினேன். எல்லாரும் கை தட்டினாங்க.”

“அது நடிப்பும்மா. பரீட்சைன்னா சரியானதைத்தான் எழுதணும்.”

“சரியானது கீத் சொல்றது டீச்சர்” என்றாள் பிள்ளை, ஆசிரியருக்கு மறந்துபோனதை நினைவுபடுத்துவது போல. “நான் சொல்றது மத்தது.”

அன்றிலிருந்து பள்ளி முடிந்த பிறகு அவளைத் தனியே வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றும் ஏறவில்லை. பறந்தது என்று எழுதுவாள், ஈவாவின் புருவம் அசையும், அழித்துப் பறந்தன என்பாள். அது சரியென்று நம்பி அல்ல, புருவத்தைப் பார்த்து. ஒரு நாள் ஈவா பொறுக்கமாட்டாமல் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, “நான் பாக்கல. நீயே எழுது” என்றாள். வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது தாள் வெறுமையாக இருந்தது. பிள்ளை பேனாவைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், யாருக்கும் தொந்தரவு தராத அழுகை.

ஆண்டிறுதித் தேர்விலும் அதேதான். ஆறாம் வகுப்பில் ரக்ஷனா, தமிழில் பின்தங்கியவர்களுக்கான அடிப்படைத் தமிழ்ப் பிரிவுக்குப் போகட்டும் என்று பள்ளி பரிந்துரைத்தது. ஈவா மிஸ் லோவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

மிஸ் லோ கெட்டவரல்ல. டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். “உங்களை நீங்களே ரொம்பப் போட்டு அடிச்சிக்காதீங்க. எல்லாரும்தான் ப்ரிப்பேர் பண்றாங்க. ஒரு நாள் நடிச்சதுனால ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சது மறந்துடுமா? அவ மார்க்கைப் பாருங்க ஈவா. டேட்டா தெளிவா இருக்கு. பேசிக் க்ளாஸ் போனா அவளுக்குப் பாரம் குறையும்.” பிறகு சிரித்தார். “உங்களை மூத்த ஆசிரியரா உயர்த்தச் சொல்லி எழுதியிருக்கேன். இந்த நேரத்துல இதெல்லாம் வேண்டாமே.”

மொழி தெரிந்தவர் சொன்னால் கேட்பார்களோ என்று வெங்கடேஷை ஃபோனில் பிடித்தாள்.

“சார், அன்னிக்கு அந்தப் பொண்ணு நடிக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியாம என்ன? எழுதிக் காட்டுறதுக்கு முன்னாடி உங்களைப் பாத்துச்சு. நெசமாவே தப்பு பண்ற பிள்ளை யாரையும் பாக்காதும்மா. அதுக்குத் தான் பண்றது தப்புன்னு தெரியாதே.”

“அப்புறம் ஏன் சார் ரிப்போர்ட்ல எழுதல?”

“எழுதியிருந்தா உங்க வேலை போயிருக்கும். அதோட, அடுத்த மாசம் என் கிளாஸைப் பாக்கவும் ஆள் வந்தாங்க.” அவர் குரல் தணிந்தது. “எங்கிட்டயும் ஒரு பிள்ளை இருந்துச்சு.”

ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோட்டு மாதா கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஈவா அம்மாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு லிட்டில் இந்தியாவுக்கு நடந்தாள். விடுமுறை நாள் கூட்டம் நடைபாதை கொள்ளாமல் நிறைந்திருந்தது. பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் அந்த அழகு நிலையம். ரக்ஷனாவின் அம்மா பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடி ஒரு பெண்ணின் நெற்றியின் மேல் குனிந்திருந்தார். ஈவாவைப் பார்த்ததும் நூல் வாயிலிருந்து நழுவியது.

“டீச்சர்! வாங்க, வாங்க, உக்காருங்க.” வாடிக்கையாளரிடம் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். “இதைப் பாத்தீங்களா? ஸ்கூல் போட்ட படம். இங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். மார்க் வராட்டியும் எம்பொண்ணை முன்னாடி நிறுத்தி வச்சீங்களே டீச்சர், அது எனக்குப் போதும்.”

ஈவா சொன்னாள். படியோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அம்மாவின் கையில் இருந்த ஃபோன் திரை தானாக அணைந்தது.

“அப்ப அவளுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?”

“ஆமாக்கா. கிளாஸ்ல முதல்ல கை தூக்கினதே அவதான்.”

“வருஷ ஆரம்பத்துல எங்கிட்ட சொன்னா. ‘அம்மா, நீ பேசுற தமிழ் வேற, எழுதுற தமிழ் வேற, எனக்கு ரெண்டுமே தெரியும்’னு. நான்கூட சிரிச்சேன்.” அவர் ஈவாவைப் பார்க்கவில்லை. “இப்பல்லாம் வீட்டுல இங்கிலீஷ்தான் பேசுறா. தமிழ்ல கேட்டா, எனக்கு வராதும்மாங்குறா. எம்பொண்ணுக்குத் தமிழ் வராதாம்.”

உள்ளே சாய்ந்திருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“நீங்க எழுதிக் குடுப்பீங்களா டீச்சர்?” என்றார் அம்மா. “நான்தான் செஞ்சேன், பொண்ணு மேல தப்பில்லன்னு. ஸ்கூலுக்கு எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கிறேன்.”

“குடுங்க” என்றார் அம்மா. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். சாய்ந்திருந்த பெண் மெல்ல, “அக்கா, வலிக்குது” என்றாள்.

ஈவா எழுதினாள். வேலை போனாலும் போகட்டும் என்று தலைமையாசிரியருக்கே எழுதினாள். வேலை போகவில்லை. தலைமையாசிரியர் நியாயமானவர். பிள்ளைக்கு ஒரு மறுதேர்வு வைப்போம், தேறிவிட்டால் பிரிவை மாற்ற வேண்டாம் என்றார். ஈவா பக்கத்தில் இருக்கக்கூடாது என்றார்; அதுவும் நியாயம்தான். துறைத் தலைவரே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கட்டும் என்று சொன்னார்.

நவம்பர் மாத வகுப்பறை; பிள்ளைகள் எல்லாரும் விடுமுறையில் இருந்தார்கள். ரக்ஷனா சீருடை அணிந்து, பின்னலை இறுக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஈவா தாழ்வாரத்தில் நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எதிரெதிரே ரக்ஷனாவும் மிஸ் லோவும். தாள் விரிந்தது. பிள்ளை முதல் கேள்வியைப் படித்தாள். பேனாவை வைத்தாள். நிமிர்ந்து மிஸ் லோவின் முகத்தைப் பார்த்தாள்.

மிஸ் லோ புன்னகைத்தார்.

பயந்துபோன பிள்ளைக்குத் தைரியம் சொல்லத்தான் புன்னகைத்தார். அன்பான புன்னகை. ரக்ஷனா எழுதினாள். அடுத்த கேள்வி. ஒரு சொல்லை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். மிஸ் லோ தலையசைத்துப் புன்னகைத்தார். அவருக்கு அந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றுதான். பிள்ளை அடுத்ததை எழுதினாள். இப்போது கை வேகமாக ஓடியது. ஒவ்வொரு விடைக்கும் நிமிர்வாள். ஒவ்வொரு முறையும் புன்னகை இருக்கும். ஈவாவின் கை கதவுப்பிடி வரை போனது. உள்ளே போனால் தேர்வு செல்லாது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிடியைத் தொட்டபடியே நின்றாள். கடைசிவரை நின்றாள்.

வெளியே வந்த ரக்ஷனாவின் முகத்தில் அந்த வருடம் முழுவதும் இல்லாத நிம்மதி. “எல்லாம் எழுதிட்டேன் டீச்சர். ஈசியா இருந்துச்சு. மிஸ் லோவுக்கு ரொம்பப் பிடிச்சுது.”

ஒரு விடைகூடச் சரியில்லை.

“இப்ப உங்களுக்கே தெரியுதில்ல?” என்று மிஸ் லோ வருத்தத்தோடு சொன்னார். அந்த ஆண்டு ஈவாவின் மதிப்பீட்டில், தன் கற்பித்தலைத் தானே நேர்மையோடு ஆராய்ந்து பார்க்கும் ஆசிரியர் என்று எழுதியிருந்தார். பதவி உயர்வு ஜனவரியில் வந்தது. சம்பளம் கூடியது. ஈவாவின் அம்மா கோவிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவைத்தார். ஈவா வேண்டாமென்று சொல்லப் போய், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள். வேலையை விடவும் அவளால் முடியவில்லை. விட்டு என்ன செய்வது என்பது ஒன்று. விட்டால் அந்தக் கோடி அறைக்கு வேறொருவர் வந்து இதையே செய்வார் என்பது இன்னொன்று. இரண்டில் எது உண்மையான காரணம் என்று அவள் தோண்டிப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் பள்ளி உணவகத்தில் ரக்ஷனாவை நேருக்கு நேர் பார்த்தாள். பிள்ளை வளர்ந்திருந்தாள். பின்னலை விட்டுவிட்டு முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

“குட் மார்னிங், மிஸ் ஈவா.”

“எப்படிம்மா இருக்கு புது கிளாஸ்?”

“இட்ஸ் ஓகே.” பிறகு ஏதோ விட்டுக்கொடுப்பது போலத் தமிழுக்கு வந்தாள். “அங்க யாரும் என்னை எதுவும் கேக்குறதில்ல டீச்சர். ஒர்க்ஷீட் குடுப்பாங்க, ஆன்சரைப் போர்டுல எழுதிடுவாங்க. பாத்து எழுதிக்கலாம்.”

ஈவா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரக்ஷனா மரியாதையாகக் காத்திருந்தாள். கண்கள் ஈவாவின் முகத்தில் நிலைத்திருந்தன, அங்கே என்ன வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டு. ஈவா முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

“நான் போகட்டா டீச்சர்? மீ கோரெங் லைன் நீளமாயிடும்” என்றாள் பிள்ளை.

ஈவா தலையாட்டினாள். ரக்ஷனா ஓடிப்போய் நூடுல்ஸ் கடை வரிசையில் கடைசியாக நின்றுகொண்டாள்.